சொந்தக்குரலில் ஒரு கல்யாண அழைப்பு

கல்யாணப் பத்திரிகையில யாரு பேரு மேல வரணும், யாரு பேரு கீழ வரணும்னு அடிச்சுக்கிட்டது ஒரு காலம். இப்போ யாரு குரல்ல கூப்பிடணும்னு அடிச்சுக்கிடுதாவ. தென்காசியில, போன்ல திறக்குற பேஜ் பத்திரிகை போட்டுக் கொடுக்குற கடை வச்சிருக்கிறதால ரெண்டு சண்டையையும் நான் பாத்தவ. பழைய சண்டையே தேவலை. வேண்டாத ஆளு பேரைச் சின்ன எழுத்துல போட்டுச் சமாளிச்சிரலாம். குரலை எப்படிச் சின்னதாப் போட?

என் பேரு செண்பகவல்லி. போர்டுல வெப் டிசைனர்னு எழுதியிருக்கேன். ஊர்ல எல்லாருக்கும் நான் பத்திரிகைக்காரி செண்பகம்தான். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல.

பேஜ்ல சத்தம் வைக்கிறது மலையைப் புரட்டுற வேலை இல்ல. கோடிங்ல ஆடியோன்னு ஒரு டேக் திறக்கணும். எந்த ஃபைலைப் பாடணும்னு அதுக்குச் சொல்லணும். கண்ட்ரோல்ஸ்னு ஒரு வார்த்தை சேத்தா அமுக்குறதுக்குப் பொத்தான் வரும். லூப்னு போட்டா முடிய முடிய மறுபடி பாடி உயிரை வாங்கும். கடைசியில டேக்கை மூடணும். அம்புட்டுதான், பத்தாங்கிளாஸ் பிள்ளை செஞ்சிரும். ஆனா அந்த ஃபைலுக்குள்ள யாரு பேசணும்ங்கிறதுக்கு எந்த டேக்கும் இல்ல. அங்கனதான் குடும்பம் ரெண்டாகும்.

பெயிண்ட் கடை உலகநாதன் அண்ணாச்சி மவ மகிழினிக்கு ஆவணியில கல்யாணம் வச்சாவ. மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். அழைப்புப் பேசுறதுக்கு ரெண்டு வீட்டு ஆளுகளும் என் கடைக்கு வந்து உக்காந்தாவ.

"வீட்டுக்கு மூத்தவன் நான் இருக்கேன். என் குரல்ல போடும்மா"ன்னாரு அண்ணாச்சியோட அண்ணன்.

"பொண்ணு வீட்டுக் குரல் மட்டும் வந்தா எங்க ஆளுக வருவாவளா? நாங்க என்ன வாய் செத்தவங்களா?"ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா.

"பாதி நீங்க பேசுங்க, பாதி அவுக பேசட்டும்"னேன்.

"மொதப் பாதி யாரு?"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டாவ.

காப்பி ஆறிப் போச்சு. எனக்கு வந்த எரிச்சலுக்கு, "யாரு குரலும் வேண்டாம், சொந்தக்குரல்ல போட்டுருவோம்"னு சொல்லிட்டேன்.

"அப்படின்னா என்னட்டி?"ன்னு ஒரு குரல். அண்ணாச்சி பெஞ்சாதி ஆவுடைத்தாய் மதினி. அதுவரைக்கும் மூலை நாற்காலியில வாயைத் திறக்காம இருந்தாவ.

"நான் இங்கன எந்தக் குரலையும் வைக்க மாட்டேன் மதினி. ஃபைல் இருக்க வேண்டிய இடத்துல வெறும் எழுத்துதான் இருக்கும். கேக்குற ஆளோட போன் அதை வாசிக்கும். அவுக யாரு பேச்சைத் தட்டாமக் கேப்பாவளோ, அந்த ஆளு குரல்ல, அந்த ஆளு பேசுற தினுசுலயே வார்த்தையை மாத்தி வாசிக்கும்."

"அது போனுக்கு எப்படித் தெரியும்?"

"போனுக்குத் தெரியாதது என்ன இருக்கு. யாரு கூப்பிட்டா மொத மணியிலயே எடுக்கோம், யாரு சொன்னா போட்டது போட்டபடி ஓடுதோம், யாரு அனுப்பின பேச்சைத் திரும்பத் திரும்பக் கேக்கோம், எல்லாத்தையும் கூடவே கிடந்து பாக்குதுல்லா. மொதல்ல இதைச் சீக்காளிகளுக்குத்தான் கொண்டாந்தாவ. ஆஸ்பத்திரி சொன்னா மாத்திரை போடாத மனுசன், மவ குரல்ல சொன்னா போட்டுருவான். இப்போ கல்யாணத்துக்கும் வந்துட்டு. யாரு குரல்னு போன் வெளிய சொல்லாது. அந்த பேஜைப் போட்ட எனக்கே தெரியாது."

அண்ணாச்சியோட அண்ணன் பெரியவர் யோசிச்சாரு. "அப்போ எங்க ஆளுக எல்லாரு போன்லயும் என் குரல்தான் வரும். சரி, அப்படியே போடு." மாப்பிள்ளையோட அப்பாவும் அதே நெனப்புல மீசையைத் தடவிக்கிட்டாரு. ரெண்டு பேரும் செயிச்ச மாதிரி எந்திரிச்சுப் போனாவ.

மறுநாள் மதினி மட்டும் தனியா வந்தாவ. முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே நின்னாவ.

"செண்பகம், எந்தம்பி போன்ல என் குரல் வருமா?"

மதினிக்குத் தம்பி இருக்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். குத்தாலிங்கம்னு பேரு. புளியங்குடியில எலுமிச்சங்காய் மண்டி வச்சிருக்காராம். இங்கயிருந்து பஸ் ஏறினா ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள வந்துரும். ரெண்டு பேரும் பேசி இருபது வருசம் ஆகப் போகுதுன்னாவ.

"மகிழினிக்குக் காது குத்துன அன்னைக்கு வந்த வினை. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? அவன் வர நேரமாச்சு. நல்ல நேரம் போகுதுன்னு எங்க வீட்டுக்காரரு அவுக சித்தப்பா மவன் மடியில உக்கார வச்சுட்டாவ. தம்பி வந்து பாக்கான், காது குத்தி ரத்தம் துடைச்சாச்சு. கொண்டாந்த சீர்த்தட்டைக் கோயில் வாசல்லயே வச்சுட்டுத் திரும்பிப் போனவன்தான்."

"நீங்க போய்ப் பேசலையா மதினி?"

"எங்க வீட்டுக்காரரு விடலை. சபையில தட்டை வச்சுட்டுப் போனவன் வீட்டுப் படி ஏறினா நீ இங்க திரும்பி வராதன்னுட்டாவ."

"ஒரு போன் பண்றதுக்கு என்ன?"

"பண்ணலாம். அவன் எடுக்கலைன்னா? கூப்பிட்டா வருவான்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் கிடக்கேன். கூப்பிட்டு அவன் வராம இருந்துட்டான்னா, பொறவு நெனைக்கக்கூட ஒண்ணும் இல்ல எனக்கு." கண்ணைத் துடைச்சுக்கிட்டாவ. "மவ மேடைக்குத் தாய்மாமன் கையைப் பிடிச்சுத்தான் வரணும். அவன் இல்லைன்னா மறுபடி அந்தச் சித்தப்பா மவனைத்தான் நிறுத்துவாவ. அதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. நீ எல்லாருக்கும் அனுப்புற மாதிரி அவனுக்கும் அனுப்பிரு. ஊருக்கே போகுற அழைப்புதான, இவுக ஒண்ணும் சொல்ல முடியாது. சின்னதுல அவன் யாரு சொன்னாலும் கேக்க மாட்டான், நான் சொன்னா கேப்பான். என் குரல்தான் வரும், என்ன?"

பேசாத குரலைப் போன் எங்கயிருந்து எடுக்கும்? அதை அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு மனசு வரலை. "வரும் மதினி"ன்னேன்.

பேஜ் முடிஞ்சதும் மொதல்ல என் போன்லதான் போட்டுப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காவ. அவுக குரல்தான் வரும்னு காதுகிட்ட வச்சுக்கிட்டேன். வந்தது வழி சொல்ற மேப் பொம்பளை. "ஆவணித் திங்கள், உலகநாதன் இல்லத் திருமணத்திற்கு, நேராகச் செல்லவும்" அப்படிங்கிற மாதிரி ஒரு தினுசுல கூப்பிட்டா. ஒரு நிமிசம் சிரிச்சேன். பொறவு அழுகையா வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா உண்மைதான். அவ திரும்புன்னா திரும்புதேன். வேற யாரு சொல்லி நான் கேட்டிருக்கேன்? அன்னைக்கு முழுக்க மஸ்கட்டுக்குப் போன் பண்ணலை நான்.

அழைப்பு ஊருக்குப் போச்சு. மறுநாளே கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிட்டு எல்லாருக்கும்.

நம்ம வார்டு கவுன்சிலருக்கு அவரு குரல்லயே அழைப்பு வந்திருக்கு. அதுல அவருக்கு எந்தச் சந்தேகமும் வரலை. நல்லாப் பேசியிருக்கேன்னு சொன்னாராம். மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர், பெஞ்சாதி பக்கத்துல இருக்கையில ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. வந்தது மாமியார் குரல். தன் அம்மா பேச்சைத்தான் கேக்காருன்னு பெஞ்சாதி பூரிச்சுப் போயி அன்னைக்கு அவருக்கு ஆட்டுக்கால் சூப் வச்சுக் கொடுத்திருக்காவ. மனுசன் இப்ப வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு புரியாமத் திரியுதாரு.

வம்பு வந்தது பி.டி. வாத்தியார் சொக்கலிங்கம் சாரால. ரிடையர் ஆகி வீட்டுல இருக்காரு. அவருகிட்டப் படிச்ச பயலுக அஞ்சாறு பேருக்கு அவரு குரல்ல அழைப்பு போயிருக்கு. பயலுக போன் பண்ணி, "நீங்க கூப்பிட்ட பொறவு வராம இருப்போமா சார்"னிருக்கானுக. அவருக்கு அழைப்பே இல்ல. அண்ணாச்சிக்கு அவரை யாருன்னே தெரியாது. நேரா என் கடைக்கு வந்துட்டாரு.

"என் குரலை வச்சு ஊரைக் கூப்பிடுத. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. என்ன மொறை இது?"

"சார், நான் கூப்பிடலை. அவனுக போன் கூப்பிட்டிருக்கு."

"அவன் போன் எங்கிட்டக் கேட்டுச்சா?"

அவருக்கும் ஒரு அழைப்பு அனுப்பி, வெத்தலை பாக்கு வச்சு, மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். பெரியவரும் மாப்பிள்ளையோட அப்பாவும் அவுக குரல் ஒருத்தன் போன்லயும் வரலைன்னு தெரிஞ்சு எம்மேல வருத்தமா இருந்தாவ.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சங்கதி. சிரிக்க முடியாத ஒண்ணும் நடந்துச்சு. கல்யாணத்துக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருக்கு, கடையநல்லூர்ப் பெரியம்மை பையைத் தூக்கிக்கிட்டு மதினி வீட்டுக்கு வந்துட்டாவ. அண்ணாச்சிக்குப் பெரியம்மை முறை. அவுக ஒரே மவன் ரெண்டு வருசத்துக்கு முன்னால சென்னையில வண்டி மோதிப் போயிட்டான். "எம்மவன் கூப்பிட்டான். முன்னாலயே வந்துரும்மான்னான். எங்க அவனை?"ன்னு ஒவ்வொரு ரூமாப் போய்ப் பாக்காவ. செத்துட்டான்னு தெரியாம இல்ல. கொள்ளி வச்சதைப் பாத்தவுகதான். ஆனாலும் காதுல கேட்டதை எப்படி இல்லைன்னு சொல்ல?

மதினி என்னைக் கூப்பிட்டு விட்டாவ. போய்ப் பாத்தேன். பெரியம்மை மாடிப்படியில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காவ.

"மதினி, ஆடியோவை எடுத்துருதேன். ஒரு வரிதான், அழிச்சா போச்சு. வெறும் எழுத்து மட்டும் இருக்கட்டும்."

"எந்தம்பி கேட்டுட்டானா?"

அனுப்பின ஒவ்வொரு லிங்க்குக்கும் திறந்தாச்சா, கேட்டாச்சான்னு என் பக்கம் தெரியும். பாத்தேன். குத்தாலிங்கத்துக்குப் போனது திறக்காமக் கிடந்துச்சு.

"இன்னும் இல்ல."

மதினி பெரியம்மையைப் பாத்தாவ. என்னையப் பாத்தாவ. "பாவம்தான். எனக்கும் நெஞ்சு பதறுது. ஆனா அவன் இன்னும் கேக்கலையேட்டி. எடுத்துராத."

நான் எடுக்கலை. அவுக சொன்னது தப்புன்னும் தெரியுது, எடுக்கவும் கை வரலை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யாரைத் திட்டுறதுன்னே புரியாம வண்டியைத் திட்டிக்கிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில பாத்தா குத்தாலிங்கம் கேட்டிருக்காரு. ஒரு வாட்டி இல்ல, திரும்பத் திரும்ப, கடைசி வரைக்கும். மதினிகிட்டச் சொன்னேன். அடுப்புல இருந்த பாலை இறக்கி வச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாவ.

"நான் சொல்லலை? என் குரலைக் கேட்டா இருக்க மாட்டான் அவன்."

"யாரு குரல்னு நமக்குத் தெரியாதே மதினி."

"வேற யாரு குரலைத் திரும்பத் திரும்பக் கேப்பான்?"

அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. எனக்கே குழப்பம் வந்துட்டு. ஒருவேளை பழைய வீடியோ ஏதாச்சும் வச்சிருந்திருப்பாரோ, அதுலயிருந்து எடுத்திருக்குமோன்னு நெனச்சேன். "இனி எடுத்துரட்டுமா?"ன்னு கேட்டதுக்கு, "கல்யாணம் முடியட்டும், அவன் மறுபடி கேக்கணும்னு நெனச்சா?"ன்னுட்டாவ. தம்பிக்கு வேட்டி எடுத்தாவ, தம்பி பெஞ்சாதிக்குச் சேலை எடுத்தாவ. பெரியம்மைக்கு வேளாவேளைக்குச் சோறு அவுகளே கையில எடுத்துக் கொடுத்தாவ. அண்ணாச்சி இதையெல்லாம் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை. மனசு இளகிட்டுன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல நேரலை பேஜைப் பாத்துக்கிடுறது என் வேலை. மணமகள் ரூமுக்கு வெளிய ஒரு மேசை போட்டு உக்காந்திருந்தேன். நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பிச்சாச்சு. அப்போதான் குத்தாலிங்கம் வந்தாரு. தலை பாதி நரைச்ச மனுசன், கையில சீர்த்தட்டு, பின்னால அவரு பெஞ்சாதி. யாருன்னு நான் கேக்கவே இல்ல, மதினி முகமேதான்.

மதினி ஓடி வந்தாவ. தட்டை வாங்க மறந்து அவரு கையைப் பிடிச்சாவ. நான் திரும்பி லேப்டாப்பைப் பாத்துக்கிட்டேன், கண்ணு மறைச்சுட்டு எனக்கு.

"எளைச்சுட்டியேல"ன்னாவ மதினி. "என் குரலைக் கேட்டதும் என்ன நெனச்ச? அக்காளுக்கு இப்பவாச்சும் கூப்பிடத் தோணுச்சேன்னு நெனச்சியா?"

அவரு முழிச்சாரு. "உன் குரலா? இல்லக்கா. அத்தான் குரல்லதான் வந்துச்சு. அத்தானே கூப்பிட்ட பொறவு வராம இருந்தா நல்லா இருக்காதுன்னுதான் வந்தேன்."

மதினி சிரிச்சாவ. "போனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கும். செண்பகம், இங்க வா. இவன் போன்ல எங்க வீட்டுக்காரரு குரல் எப்படி வரும்?"

"வராது மதினி. கூடப் பேசுற ஆளு குரல்தான் வரும்."

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி வாயை மூடுறதுக்குள்ள அவரு பேசிட்டாரு.

"பேசுவாவளே. அமாவாசை தவறினாலும் அத்தான் போன் தவறாது."

நாதஸ்வரம் எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்துச்சு எனக்கு. மதினி தம்பி கையை விடலை.

"என்னல பேசுவாவ?"

"உன்னப் பத்தித்தான். உனக்குக் காய்ச்சல் வந்தது, மகிழினி பரீட்சை எழுதினது எல்லாம் சொல்லுவாவ. நீ எப்படி இருக்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு அந்தப் போன் ஒண்ணுதான இருந்துச்சு. மண்டியில ஆளு நின்னாலும் எடுத்துருவேன். நான் வரட்டுமான்னு ஒவ்வொரு வாட்டியும் கேப்பேன். உங்க அக்காளுக்கு இன்னும் கோவம் ஆறலை, உம் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கா, கொஞ்ச நாள் போகட்டும்பாவ."

"எனக்கா கோவம்?"

"சபையில தட்டை வச்சுட்டுப் போயிட்டேன்னு."

மதினி என்னையப் பாத்தாவ, நான் ஏதோ சொல்லுவேன்னு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. பேசக் கூடாதுன்னு பெஞ்சாதியைத் தடுத்த மனுசன், இருபது வருசமா மச்சினன்கிட்ட எதுக்குப் பேசணும்? அண்ணன் தம்பி சண்டை போடுவான், புருசன் பெஞ்சாதி சண்டை போடுவா, இது என்ன வகையில சேத்தி?

அண்ணாச்சி அந்த நேரம் பாத்து, "பொண்ணு ரெடியா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. எங்க மூணு பேரையும் பாத்ததும் அவருக்குப் புரிஞ்சு போச்சு. திரும்பிப் போகலாமான்னு ஒரு கணம் பாத்தாரு. பொறவு நின்னாரு.

"எதுக்கு?"ன்னாவ மதினி. அம்புட்டுதான் கேட்டாவ.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சாரு. "அன்னைக்கு அவன் போன் பண்ணினான் ஆவுடை. பஸ் ரிப்பேர், நடந்து வந்துக்கிட்டு இருக்கேன், செத்த நேரம் பொறுங்க அத்தான்னான். எங்க சித்தப்பா வீட்டுல மவன் மடியில உக்கார வைன்னு நெருக்கிக்கிட்டு இருந்தாவ. நானும் வச்சுட்டேன். அவன் போன் பண்ணினதை உங்கிட்டச் சொல்லலை."

"போன் பண்ணினானா?"

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினா மொதப் பேச்சு அதுதான வரும். நீ என்னைய மதிப்பியா பொறவு? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போயிட்டு. அவனைக் கைவிடவும் முடியலை. அதான் மாசாமாசம்." துண்டைத் திரும்பத் தோள்ல போட்டாரு. "நீ கஷ்டப்படணும்னு செய்யலை."

குத்தாலிங்கம் தட்டை என் மேசையில வச்சுட்டு சுவத்துல சாஞ்சுக்கிட்டாரு. அவரு பெஞ்சாதி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாவ. மதினி அழுவாவன்னு பாத்தேன். அழலை. புருசனையே பாத்துக்கிட்டு நின்னாவ, முன்னப் பின்னப் பாக்காத ஆளைப் பாக்குற மாதிரி.

எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. ஏதாச்சும் பேசணும்னு, "மதினி, உங்க போன்ல ஒரு வாட்டி போட்டுப் பாக்கட்டுமா, உங்க தம்பி குரல் வருதான்னு"ன்னு கேட்டுட்டேன். கோட்டிக்காரத்தனமான கேள்வி.

"வேண்டாம்டி. என் போன்ல யாரு குரல் வரும்னு எனக்குத் தெரியும்"னாவ. "இருபது வருசமா நான் யாரு பேச்சைக் கேட்டேன்?"

உள்ளயிருந்து மகிழினி மாலையோட வந்துட்டா. "அம்மா, யாரு இவுக?"ன்னு கேட்டா. "உன் மாமா"ன்னாவ மதினி. "கையைப் பிடிச்சுக்க." பிள்ளை ஒண்ணும் புரியாம ரெண்டு பேரையும் பாத்துட்டு மாமன் கையைப் பிடிச்சுக்கிட்டா.

மைக்ல கூப்பிட்டாவ. பொண்ணைப் பெத்தவங்க தாரை வார்த்துக் கொடுக்க மேடைக்கு வாங்கன்னு. அண்ணாச்சி ரெண்டு எட்டு வச்சுட்டுத் திரும்பினாரு. "வா ஆவுடை, நேரமாச்சு."

மதினி அசையலை. தம்பி பெஞ்சாதியைப் பாத்து, "நீயும் அவனும் உக்காந்து வார்த்துக் கொடுங்க. நான் பக்கத்துல நிக்கேன்"னாவ.

"ஆவுடை, சபை நெறைய ஆளு இருக்கு. என்னன்னு கேப்பாவ."

"கேக்கட்டும். நீங்களே பதில் சொல்லுங்க. என்னையச் சொல்லச் சொன்னா நடந்ததைத்தான் சொல்லுவேன்."

மகிழினியோட அவுக நாலு பேரும் மேடைக்குப் போயிட்டாவ. மேடையில மாமனும் மாமியும் உக்காந்ததும் சபை கசகசன்னு ஆச்சு. பெரியவர் எந்திரிச்சு, "என்ன நடக்கு இங்க, தகப்பன் எங்க?"ன்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் காதுல ஒருத்தர் பேசினாவ. முன் வரிசையில கடையநல்லூர்ப் பெரியம்மை வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. யாருக்கும் எதுவும் விளங்கலை. விளங்கின ஆளு நாலஞ்சு பேருதான், அதுல நானும் ஒருத்தி. எதுக்குடா இந்தத் தொழிலுக்கு வந்தோம்னு இருந்துச்சு எனக்கு.

அண்ணாச்சி என் மேசைக்கிட்டயே நின்னுட்டாரு. மேடைக்குப் போகவும் முடியலை, வெளிய போகவும் முடியலை. ரொம்ப நேரம் கழிச்சு, "ஏம்மா, அந்த அழைப்பு இன்னும் இருக்கா?"ன்னு கேட்டாரு.

"இருக்கு அண்ணாச்சி. நீங்க கேக்கலையா?"

"கூப்பிடுற வீட்டுக்காரனுக்கு யாரு அழைப்பு அனுப்புவா? எனக்கு வரலை."

அவரு போனை வாங்கி பேஜைத் திறந்து கொடுத்தேன். அவரு பொத்தானை அமுக்கினாரு. கெட்டிமேளம் சொல்லிட்டாவ, அந்தச் சத்தத்துல காதுகிட்ட வச்சுக்கிட்டாரு. பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டுச்சு. ஆவுடை மதினி குரல்.

"ஏங்க, நம்ம மகிழினி கல்யாணம். மறந்துராம வந்துருங்க. நீங்க வந்தாத்தான் எனக்கு நெறைவா இருக்கும்."

மேடையில மதினி தம்பி தோள்ல கை வச்சுக்கிட்டு நின்னாவ. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. தாலி கட்டி அட்சதை போட்டு முடிஞ்சுது, எங்க மேலயும் ரெண்டு அரிசி வந்து விழுந்துச்சு. போன்ல குரல் நின்னதும் அண்ணாச்சி மறுபடியும் பொத்தானை அமுக்கினாரு.